வரப்பில் நிற்கும் இருவர்

காலையில் பத்து மணி அடித்ததும் சகாயநாதன் வகுப்பறைக் கதவைச் சாத்திவிடுவார். தாழ்ப்பாளும் போட்டுவிடுவார். மன்னார்குடியில் அவர் வேலை பார்த்த கல்லூரியின் பொருளியல் துறையில் இருபத்தேழு வருடமாக இதுதான் வழக்கம். பஸ் தாமதம், செருப்பு அறுந்துவிட்டது, பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எந்தக் காரணமும் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஒருமுறை கல்லூரி முதல்வரே பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்றறிக்கையோடு வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அதை நம்பாதவர் கல்லூரியில் யாரும் இல்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரைக் கொரோனா கொண்டுவந்து தஞ்சாவூரில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தது. எதிரே ஒரு செல்போன். அது சாய்ந்துவிடாமல் இருக்க முன்னால் ஊறுகாய் பாட்டில், பின்னால் கெட்டி அட்டை போட்ட பைபிள். ஆகஸ்ட் மாதத்திலிருந்து எல்லா வகுப்பும் ஆன்லைனில்தான் என்று உத்தரவு வந்துவிட்டது. பத்து மணி வந்தது. சாத்துவதற்குக் கதவு இல்லை. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள், திரும்ப வந்தார்கள். அரிசி மண்டிக்குள் எலி வந்து போகிற மாதிரி இருந்தது அவருக்கு.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். முகம் தெரியாததுதான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாமாண்டில் ஐம்பத்தெட்டுப் பேர். திரையில் ஐம்பத்தெட்டுக் கறுப்புக் கட்டங்கள், அதில் வெள்ளை எழுத்தில் பெயர்கள். பணவீக்கம் நடத்தும்போது தன் கல்யாண மோதிரத்தை வைத்து ஒரு வேடிக்கை சொல்வார். இருபத்தேழு வருடமாக அதற்குச் சிரிக்காத வகுப்பே கிடையாது. ஆகஸ்டில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிப்புக்காக நிறுத்தினார். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அவ்வளவுதான். கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி ரெஜினிடம் சொன்னார். பள்ளி ஆசிரியையான ரெஜின் தன் போனில் ஆறாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கிணறாவது திருப்பிச் சொல்லும் என்றாள்.

அந்த ஐம்பத்தெட்டுக் கட்டங்களில் ஒன்றில் எழில்மொழி என்ற பெயர் இருந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே நெம்மேலிக்குடி என்ற கிராமத்துப் பெண். கல்லூரி திறந்திருந்த காலத்தில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவாள். ஆன்லைனில் அவளால் பெரிய தொல்லையாகப் போயிற்று. அவள் மைக்கைத் திறந்தால் போதும், பின்னால் ஒரே சத்தம். தண்ணீர் அளைகிற சத்தம், பெண்களின் பேச்சு, யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல். வருகைப் பதிவு எடுக்கும்போது இருப்பாள். நடுவில் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டால் பதில் வராது. பத்து நிமிடம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு “சார், கூப்பிட்டீங்களா சார்?” என்பாள்.

“எங்க இருக்க நீ? சந்தையிலயா?” என்று ஒருநாள் கேட்டார்.

“வயக்காட்டுல சார். வீட்டுல சிக்னல் இல்ல சார்.”

“சிக்னல் இல்ல, கரண்ட் இல்ல, நெட் போயிடுச்சு. இந்த மூணையும் நான் பெயில் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. வெளிய போ.”

நெட் போயிடுச்சு என்பதை அவர் ஒருபோதும் நம்பியதில்லை. செருப்பு அறுந்துவிட்டது என்பதன் புதிய பெயர் அது என்று துறைக் கூட்டத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார். எழில்மொழியை அப்படி ஏழு நாள் வெளியே அனுப்பினார். வருகைக்கு என்று இருந்த மதிப்பெண் அதோடு போயிற்று.

புரட்டாசியில் வேலையின்மை பாடம் வந்தது. அதில் மறைமுக வேலையின்மை என்று ஒரு பகுதி. ஒருவர் வேலை செய்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அவரை எடுத்துவிட்டாலும் விளைச்சல் குறையாது. அவருடைய உழைப்பால் கூடுவது பூஜ்யம். இதற்குப் புத்தகத்தில் இருக்கும் உதாரணம் எல்லோருக்கும் பொது. ஒரு வயலில் நான்கு பேர் போதும், ஆறு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் உபரி. சகாயநாதன் அதற்குத் தன் சொந்தச் சரக்கையும் சேர்ப்பார். அவர் தையற்காரர் வீட்டுப் பிள்ளை. தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்தவர். சேற்றில் கால் வைத்தவர் அல்ல. ஆனால் தினமும் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு இடதுபக்க ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் போனவர்.

“நான் புத்தகத்துல படிச்சதை மட்டும் சொல்லலப்பா. கண்ணால பாத்ததைச் சொல்றேன். வடுவூர் தாண்டினா ரெண்டு பக்கமும் நடவு. நாலு பொம்பளைங்க குனிஞ்சு நடுவாங்க. ரெண்டு பேரு வரப்புல நிப்பாங்க. அந்த ரெண்டு பேருதான் பூஜ்யம்.”

இந்த இடத்தில் வலது கை விரல் இரண்டை நீட்டி மடக்குவார். ஊறுகாய் பாட்டிலுக்கு முன்னாலும் நீட்டி மடக்கினார்.

அடுத்த வாரம் அகமதிப்பீட்டுத் தேர்வு. வீட்டிலேயே எழுதி, படம் பிடித்து அனுப்ப வேண்டும். மறைமுக வேலையின்மையை உதாரணத்துடன் விளக்குக, பத்து மதிப்பெண். ஐம்பத்தேழு பேர் நான்கு, ஆறு, இரண்டு என்று எழுதியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் வடுவூரையும் சேர்த்திருந்தார்கள். எழில்மொழி வேறு மாதிரி எழுதியிருந்தாள்.

ஆறு பேரின் பெயரைப் போட்டு, ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று எழுதியிருந்தாள். காளியம்மாளும் அவர் மருமகள் சுகன்யாவும் நாற்றங்காலில் நாற்றுப் பறித்து, கைப்பிடிக் கட்டுகளாக முடி கட்டுகிறார்கள். ரெங்கம்மாள், அஞ்சம்மாள், வேம்பு, செந்தாமரை நான்கு பேரும் நடுகிறார்கள். நடுபவர் கையில் நாற்று தீரும் முன்பு அடுத்த முடி அவர் பக்கத்தில் விழ வேண்டும். அதற்காகத்தான் நாற்றுப் பறித்த அந்த இரண்டு பேரும் முடிகளோடு வந்து வரப்பில் நிற்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு நாள் நடவு ஒன்றரை நாள் ஆகும், நாற்று வாடும், விளைச்சல் குறையும். ஆகவே இந்த உதாரணம் நடவுக்குப் பொருந்தாது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு வரி: ‘பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.’

சகாயநாதனுக்குச் சுருக்கென்று தைத்தது. பத்துக்குப் பூஜ்யம் போட்டார். கூட்டிப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து இருபத்தைந்துக்கு ஏழு. பத்துக்குக் குறைந்தால் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. மூன்றாமாண்டில் அப்படி நின்றால் ஒரு வருடம் வீண். அது அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்றும் தெரியும். வரையறை எழுதவில்லை, கேட்டதற்கு எதிராக எழுதியிருக்கிறாள், பூஜ்யம் நியாயம்தான் என்று தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டார். நியாயமாக இருந்திருந்தால் ஒரு தடவை போதும்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. தேர்வு முடிந்தால் மோசமான விடைகளை வகுப்பில் வாசித்துக் காட்டுவார். கதவு சாத்திய அறைக்குள் ஐம்பது பேர் சிரிப்பார்கள். எழுதியவன் தலையைக் குனிந்துகொள்வான். மணி அடித்ததும் எல்லாம் மறந்துவிடும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வகுப்பில் எழில்மொழியின் விடைத்தாளை எடுத்தார்.

“ஒருத்தர் எழுதியிருக்காங்க, கேளுங்க. நாற்றுப் பறிப்பவர் காளியம்மாள், அவர் மருமகள் சுகன்யா. நடுபவர் ரெங்கம்மாள், அஞ்சம்மாள், வேம்பு, செந்தாமரை. பொருளியல் பேப்பராப்பா இது, ரேஷன் கார்டா?”

யாரும் சிரித்த சத்தம் கேட்கவில்லை. அது வழக்கம்தான். ஆனால் ஒரு கட்டத்தைச் சுற்றி மஞ்சள் கோடு விழுந்தது. யாரோ மைக்கைத் திறந்திருக்கிறார்கள்.

“சார், ரெங்கம்மா பேசுறேன்.”

“யாரது? மைக்கை ஆஃப் பண்ணுங்க.”

“பண்ணிடுறேன் சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் பண்ணிடுறேன். இப்ப வாசிச்சீங்களே, அதுல மூணாவது பேரு நாந்தான். எழிலோட அம்மா.”

சகாயநாதன் திரையைப் பார்த்தார். எழில்மொழி என்ற எழுத்தைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

“இயர்போன் ஒடஞ்சு போச்சுங்க. ஸ்பீக்கர்லதான் வச்சுக் கேக்குது. ரெண்டு மாசமா நாங்களும் உங்க பாடத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் வேலை பாக்குறோம். பத்து மணி சாருன்னுதான் இங்க உங்களுக்குப் பேரு. விலைவாசி ஏன் ஏறுதுன்னு சொன்னீங்க, பேங்க்கு எப்படி நடக்குதுன்னு சொன்னீங்க, எல்லாம் வெளங்குச்சு. மோதிரத்தை வச்சு ஒண்ணு சொன்னீங்களே, செந்தாமரை சிரிச்சுச் சிரிச்சு நாத்தைக் கீழ போட்டுட்டா. இந்த ஆறு பேரு கணக்குதான் வெளங்கல. ஆறுல எந்த ரெண்டு பேரு சார்?”

“அது... அது ஒரு உதாரணம்மா.”

“உதாரணத்துக்குத்தான் சார் கேக்குறேன். பேரைச் சொல்லுங்க. நாளையிலேருந்து வரவேணாம்னு நானே சொல்லிடுறேன். ஆறு பேரும் இங்கதான் நிக்கிறாங்க.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் அதட்டியிருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவளின் குரல் அது. பின்னால் ஒருத்தி “விடுக்கா” என்றாள். அதற்கும் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம். ஐம்பத்தேழு கறுப்புக் கட்டங்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. 

கடைசியில் விரல் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. வகுப்பு முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து வகுப்புக் குழுவில் ‘நெட் பிரச்னை. திங்கட்கிழமை பார்ப்போம்’ என்று போட்டார்.

ரெஜின் தன் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “நெட் நல்லாத்தானே ஓடுது?”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். வெட்கமாக இருந்தது. 

ஆனால் மனுஷன் லேசில் விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. ராத்திரி படுத்தபோது வெட்கமாக இருந்தது விடிந்தபோது வீம்பாக மாறியிருந்தது. கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னேன், இன்னொருமுறை பார்த்துவிட்டே வருகிறேன் என்று சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்தார். பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகிவிடும் என்று ரெஜின் சொன்னதும் ஒரு காரணம்.

நெம்மேலிக்குடியில் நடவு எங்கே என்று கேட்டு, வாய்க்கால் கரையோடு போய் வண்டியை நிறுத்தினார். வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த எழில்மொழி அவரைக் கண்டதும் எழுந்து, தாடையில் கிடந்த முகக்கவசத்தை மூக்குக்கு ஏற்றினாள். முகம் தெரியாவிட்டாலும் கண்ணில் பயம் தெரிந்தது. ரெங்கம்மாள் வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை.

“வாங்க சார். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. டீ வாங்கியாரச் சொல்லவா?”

திட்டு வாங்கத் தயாராக வந்தவருக்கு அந்த உபசாரம் தாங்கவில்லை. “நேத்து நெட் போயிடுச்சும்மா” என்று வாயில் வந்துவிட்டது.

“போகும் சார். எழிலுக்கும் அடிக்கடி போகும்.”

கிண்டலா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

“இன்னிக்கு நாலு பேருதான் சார் இருக்கோம்” என்றார் ரெங்கம்மாள். “காளியம்மாவுக்குக் காய்ச்சல். மூக்குல குச்சி விட்டு எடுத்துட்டுப் போயிருக்காங்க. மருமகளும் வரப்புடாதுன்னுட்டாங்க. உங்க கணக்குப்படி ஆளு சரியா இருக்கு. உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்து பார்த்தார். ஒரு மா நிலம், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அன்று முடிக்க வேண்டியது. வழக்கமாக ஒன்பது மணிக்கே நடவு தொடங்கிவிடுமாம். அன்று நான்கு பேரும் முதலில் நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறித்தார்கள், வேரை அலசினார்கள், முடி கட்டினார்கள், சுமந்து வந்து வரப்பில் போட்டார்கள். நடவுக்குக் குனியும்போது பதினொன்றரை. அதற்குப் பிறகும் ஓட்டம் இல்லை. வேம்பு கையில் நாற்று தீர்ந்தால் நிமிர்ந்து, சேற்றில் நடந்து, வரப்புக்கு வந்து, எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அவர் வரும்வரை பக்கத்து வரிசையும் தாமதமாகும். நடுவில் எழில்மொழி போனை வரப்பில் வைத்துவிட்டு இறங்கி, முடிகளை எடுத்து வயலுக்குள் பரவலாக வீசினாள். ஒவ்வொன்றும் ஒருத்தி கைக்கு எட்டும் தூரத்தில் போய் விழுந்தது. பத்து நிமிடம் வீசிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

அந்த மூச்சு வாங்கலை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். சார், கூப்பிட்டீங்களா சார்?

மூன்று மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வயலில் கால்வாசி காலியாகக் கிடந்தது. பறித்த முடிகள் வரப்பில் இருந்தன. எழில்மொழி மூன்றாவது தடவையாக நாற்றங்காலுக்குப் போயிருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பது சகாயநாதனுக்கே உறுத்தியது. செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லும் முன்பே இறங்கிவிட்டார்.

இறங்கியதும் இடது கால் முழங்கால்வரை போயிற்று. வலது காலை எடுத்து வைத்த இடம், அஞ்சம்மாள் அப்போதுதான் நட்டு முடித்த இடம். பதறிக் காலை எடுத்து இன்னும் நான்கு நாற்றுக் குத்தை மிதித்தார். முடியைத் தூக்கி வீசினார். முதலாவது நடு வானத்தில் அவிழ்ந்து கொட்டியது. இரண்டாவது செந்தாமரையின் முதுகில் விழுந்தது. மூன்றும் நான்கும் ஐந்தும் ஒரே இடத்தில் குவிந்தன. செந்தாமரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அஞ்சம்மாள் நடுவதை விட்டுவிட்டு மிதிபட்ட நாற்றைத் திரும்ப ஊன்றினார். வேம்பு நடுவதை விட்டுவிட்டு, “இங்க கால வைங்க சார், இல்ல, இங்க” என்று வழி காட்டிக்கொண்டிருந்தார்.

ரெங்கம்மாள் நிமிர்ந்தார். “சார், கோவிச்சுக்காதீங்க. நாலு பேரு வேலை நடந்துச்சு. நீங்க எறங்கினதும் மூணு பேரு வேலைகூட நடக்கல. வரப்புல ஏறிடுங்க சார்.”

சகாயநாதன் ஏறினார். வரப்பில் நின்றார். சேறு முழங்காலிலிருந்து வழிந்தது. ஒருவரை எடுத்துவிட்டால் விளைச்சல் குறையாது என்றால் அவருடைய உழைப்பு பூஜ்யம். இருபத்தேழு வருடமாகக் கரும்பலகையில் எழுதியது. அந்த ஆளை இன்றுதான் நேரில் பார்த்தார். பாடம் தப்பில்லை, காட்டிய ஆள்தான் தப்பு என்று அவருக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது.  அதற்குள் மழையின் முதல் தூற்றல் விழுந்தது.

கால்வாசி நிலம் நடாமலே நின்றுபோயிற்று. மிச்ச முடிகளை வாய்க்கால் தண்ணீரில் அடுக்கி வைத்தார்கள்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே” என்றார் அவர்.

“உங்களுக்குக் கோயிலு சார். எங்களுக்கு இது” என்றார் ரெங்கம்மாள். பிறகு ஈரத் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டார். “எழிலு பரிச்ச எழுத முடியாதாமே. நெசமா சார்?”

சகாயநாதன் மடித்த பேன்ட்டை இறக்கிவிட்டார். “திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கும்மா” என்றார். எழில்மொழி குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். ஏழு நாள் தன்னை வெளியே அனுப்பியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு வீடு திரும்புவது எளிதாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பத்து மணி. ஊறுகாய் பாட்டில், போன், பைபிள். வருகைப் பதிவை எடுத்து முடித்தார். ஐம்பத்தெட்டும் இருந்தன. அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை நடந்தது ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

“வெள்ளிக்கிழமை நெட் போகல” என்றார். “நானேதான் கட் பண்ணினேன். பதில் தெரியல, அதனால கட் பண்ணினேன். உங்க யார்கிட்டேயும் அந்தக் காரணத்தை நான் ஒத்துக்கிட்டதில்ல. அதனால என்கிட்டேயும் நீங்க ஒத்துக்க வேண்டாம்.”

  பிறகு பாடத்தைத் திரும்ப நடத்தினார். வரப்பில் நிற்கும் இருவர் யார், என்ன செய்கிறார்கள், அவர்கள் இல்லாத நாளில் என்ன ஆயிற்று என்று சொன்னார். சேற்றில் இறங்கிய மூன்றாமவர் ஒருவரைப் பற்றியும் சொன்னார். “பூஜ்யத்தை நான் கண்ணால பாத்தேன். அவரு பேரு சகாயநாதன்.” யாரோ ஒரு பையன் மைக்கை அணைக்க மறந்து சிரித்துவிட்டான். அவருக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

“எழில், அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இல்ல சார். வேற ஊருக்கு நடவுக்குப் போயிட்டாங்க. நான் இன்னிக்கு ஸ்கூல் மாடிப்படியில இருக்கேன். இங்க கொஞ்சம் சிக்னல் வருது.”

யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதில் பாதி வீணாகிவிட்ட மாதிரி இருந்தது.

“கிளாஸ் ரெக்கார்ட் ஆகுதுல்ல சார்?” என்றாள் எழில்மொழி. “அம்மா வந்ததும் போட்டுக் காட்டுறேன்.”

அன்று மத்தியானம் விடைத்தாளைத் திரும்ப எடுத்தார். பூஜ்யத்தை அடித்து எட்டு போட்டார். பத்து போடக் கை போனது. ஆனால் வரையறை எழுதவில்லை என்பதும் உண்மைதானே. அது இரக்கமாகிவிடும், அவளுக்கு இரக்கம் தேவையில்லை என்று எட்டிலேயே நின்றார். ஏழும் எட்டும் பதினைந்து. நான்கரை மணிக்குக் கணினியில் ஏற்றினார்.

அதே வாரம் துறைத் தலைவர் இளையபெருமாள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஆன்லைன் வகுப்பால் ஆசிரியர்கள் கற்ற பாடங்கள், ஒவ்வொருவரும் ஒரு பக்கம். மற்றவர்கள் மைக் வாங்கியது, வட்ட விளக்கு வாங்கியது, படங்களோடு பாடம் தயாரித்தது என்று விரிவாக எழுதினார்கள். சகாயநாதன், ‘கேட்பவர் யார் என்று தெரியாமல் யாரைப் பற்றியும் பேசக் கூடாது. கதவு சாத்தியிருந்த காலத்திலும் பேசியிருக்கக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் வரவில்லையே சார் என்று இளையபெருமாள் குறைப்பட்டார்.

புதன்கிழமை காலை அவர் போனுக்கு எழில்மொழியின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“சார், ரெங்கம்மா பேசுறேன். போட்டுக் காட்டுச்சு, ஆறு பேரும் கேட்டோம். காளியம்மாவுக்கு ஒண்ணுமில்லையாம், வெறும் காச்சல்தான்னு சொல்லிட்டாங்க. எட்டு போட்டிருக்கீங்களாம். பத்துல அந்த ரெண்டு ஏன் கொறஞ்சுச்சுன்னு கேட்டேன். வரையறை எழுதலன்னு எழிலே சொன்னுச்சு. அது சரி சார். எழுதாததுக்கு நாங்க மார்க்கு கேக்க மாட்டோம்.” இங்கே கொஞ்சம் இடைவெளி. யாரோ எதையோ நினைவுபடுத்தினார்கள். “ஆங். திங்கக்கெழம திரும்ப நம்ம ஊருலதான் நடவு. ஒன்பதே முக்காலுக்கு டீ வரும். குடிச்சுட்டு எறங்க அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன ஆகும். பத்து மணிக்கே ஆரம்பிச்சுடாதீங்க சார்.”

திங்கட்கிழமையிலிருந்து மூன்றாமாண்டுப் பொருளியல் வகுப்பு பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கியது. இருபத்தேழு வருடத்தில் இல்லாத அதிசயமாக இருக்கிறதே, என்ன சார் காரணம் என்று இளையபெருமாள் கேட்டார்.

“நெட் பிரச்னை” என்றார் சகாயநாதன்.